எண்ணெய் விலை ஏறும்போது ரிக் பங்கு ஏன் இறங்குகிறது?

கச்சா எண்ணெய் விலை உயர்ந்து செய்தியாகும் வாரங்களில், கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ‘ரிக்’ மேடைகளை வைத்திருக்கும் துரப்பண நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாமா என்று கேட்டு என் அலுவலகத்துக்கு அழைப்புகள் வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் டிமேட் கணக்கு அறிக்கையுடன் நேரில் வந்தார். ஒரே துரப்பண நிறுவனத்தின் பங்குகளை ஒன்பது முறை வாங்கியிருந்தார். ஒவ்வொரு முறையும் முந்தைய விலையைவிடக் குறைந்த விலையில். “எண்ணெய் ஏறுது தம்பி, இது மட்டும் இறங்கிக்கிட்டே போகுது. மார்க்கெட்டுக்கு இந்தத் தொழில் புரியலை” என்றார். ரிக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கடன்களைப் பற்றிய பக்கத்தை அவர் ஒருமுறைகூடப் புரட்டியிருக்கவில்லை.

துரப்பண நிறுவனம் எண்ணெய் விற்பதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்காரர், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொள்கிறார் அல்லவா? கடலில் நிற்கும் ரிக்கும் அப்படித்தான். அங்கே கணக்கு அடிக்கு அல்ல, நாளுக்கு. ஏறத்தாழ 400 அடி ஆழம் வரையுள்ள கடலில் கால்களை ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ஆனாலும், பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட ஆழத்திலும் மிதந்தபடியே துளையிடும் டிரில்ஷிப் ஆனாலும், வருமானம் என்பது நாள் வாடகையும் வேலை செய்த நாட்களும் மட்டுமே.

இந்த வாடகைக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு ஜாக்-அப்பின் நாள் வாடகை 40,000 டாலர் என்றும், ஆட்கள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்ந்த அன்றாடச் செலவு 30,000 டாலர் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது 10,000. வாடகை 80,000 ஆனால் செலவு பெரிதாக மாறாது. மிச்சம் 50,000 ஆகிவிடும். வாடகை இரண்டு மடங்கானதில் மிச்சம் ஐந்து மடங்காகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், வாடகை கால் பங்கு குறைந்து 30,000 ஆனதுமே மிச்சம் ஒன்றுமில்லை. வட்டியை இதற்குப் பிறகுதான் கட்ட வேண்டும். ஒப்பந்தமே இல்லாமல் நிற்கும் ரிக்குக்கு வருமானம் பூஜ்ஜியம், செலவோ பூஜ்ஜியம் ஆவதில்லை. ஏற்றக் காலத்தில் இந்தப் பங்குகள் பறப்பதற்கும் இறக்கக் காலத்தில் பாதாளத்துக்குப் போவதற்கும் இந்த ஒரே கணக்குதான் காரணம்.

எண்ணெய் விலைக்கும் இவர்களுக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் இடையில் ஒருவர் இருக்கிறார். ரிக்கை வாடகைக்கு எடுக்கும் எண்ணெய் நிறுவனம் எவ்வளவு செலவழிக்க முடிவு செய்கிறது என்பதுதான் வாடகையைத் தீர்மானிக்கிறது. 2024 ஜனவரியில், உற்பத்தித் திறனை நாளொன்றுக்கு 1.3 கோடி பீப்பாய்க்கு உயர்த்தும் திட்டத்தைக் கைவிட்டு 1.2 கோடியிலேயே நிற்குமாறு சவூதி அரசு தன் எண்ணெய் நிறுவனமான அராம்கோவுக்கு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்த மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்-அப் ரிக்குகளின் ஒப்பந்தங்களை அராம்கோ நிறுத்தி வைத்தது. அப்போது, உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளப்படும் ப்ரென்ட் எண்ணெய் பீப்பாய் 80 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. எண்ணெய் விலையை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு, தம் பங்கு ஏன் இறங்கியது என்று விளங்கியிருக்காது. நம் நாட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் இருப்பது ஓ.என்.ஜி.சி. அது டெண்டர் விட்டு, வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு ரிக்குகளை வாடகைக்கு எடுக்கிறது. வாடகை அடிமட்டத்தில் இருந்தபோது மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட்ட ரிக், அடுத்த ஆண்டே சந்தை ஏறினாலும் பழைய வாடகையில்தான் ஓடும்.

ஆகவே பொறியாளரிடம், அந்த நிறுவனம் வெளியிட்டிருந்த ரிக் நிலவரப் பட்டியலை எடுத்து வைத்தேன். இத்தகைய பட்டியலில் ஒரு ரிக்குக்கு ஒரு வரி: பெயர், கட்டிய ஆண்டு, எந்தக் கடலில் யாருக்காக வேலை செய்கிறது, ஒப்பந்தம் முடியும் தேதி, சில நிறுவனங்கள் நாள் வாடகையையும் தரும். ஒவ்வொரு வரியாகப் படித்து, முடியும் தேதிகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதச் சொன்னேன். பழைய ரிக்குகளின் வயதைப் பார்த்து அவரே, “இதுக்கு ஸ்பெஷல் சர்வே வரும், யார்டுக்குப் போகணும்” என்று ஓரிடத்தில் குறிப்பெழுதினார். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்தச் சோதனைக்காக ரிக் நிறுத்தப்படும் நாட்களில் பொதுவாக வாடகை கிடையாது, பழுது பார்க்கும் செலவு மட்டும் உண்டு. பிறகு ஆண்டறிக்கையின் கடன் குறிப்பிலிருந்து, எந்தத் தவணை எப்போது என்பதை வலப்பக்கம் எழுதினோம். கடனில் பெரும்பகுதி, ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களும் முடிந்த பிறகு வரும் ஆறு மாதங்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டியதாக இருந்தது. அவர் வெகுநேரம் பேசவில்லை.

கடன் இந்தத் தொழிலில் என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1986-இல் தொடங்கப்பட்ட, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அபான் ஆஃப்ஷோர், நார்வேயின் சின்வெஸ்ட் நிறுவனத்தைப் பெருங்கடன் வாங்கிக் கையகப்படுத்தியது. 2008 தொடக்கத்தில் அதன் பங்கு 5,000 ரூபாய்க்கு மேல் விற்றது. அந்த ஆண்டின் நிதி நெருக்கடி, 2010 மே மாதம் வெனிசுவேலா கடலில் அபான் பேர்ல் ரிக் மூழ்கியது (அதில் இருந்த 95 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்), 2014-க்குப் பிறகு வாடகைச் சரிவு என்று அடுத்தடுத்து வர, 2020-இல் அதே பங்கு இரண்டு இலக்க விலைக்கு இறங்கியிருந்தது. உலக அளவிலும் அந்த ஆண்டு டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வலாரிஸ் ஆகிய மூன்றும் திவால் பாதுகாப்புக் கோரின. நிறுவனங்கள் பிழைத்தன, ரிக்குகள் மீண்டும் ஓடின. ஆனால் உரிமை கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போய், பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது அற்பம். நிறுவனம் மீள்வதும் பங்குதாரர் மீள்வதும் ஒன்றல்ல என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி வாங்கி விற்கும் விதம். விலை இறங்க இறங்க வாங்கிச் சராசரியைக் குறைப்பதை நம்மவர்கள் ‘ஆவரேஜ்’ செய்வது என்பார்கள். காரணம் கெடாமல் விலை மட்டும் இறங்கியிருந்தால் அதில் தவறில்லை. காரணமே கெட்டுவிட்டிருந்தால், அது நட்டத்தைத் தவணை முறையில் பெருக்கும் வேலை. பொறியாளரின் மொத்தச் சேமிப்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்த ஒரே பங்கில் இருந்தது. இவ்வளவு ஏற்ற இறக்கமுள்ள தொழிலில் நூற்றுக்கு மூன்று நான்கு ரூபாய்க்கு மேல் ஒரே பங்கில் போடுவதை நான் ஏற்பதில்லை.

விற்க முடிவு செய்ததும் அவர் கைபேசியை எடுத்து, 4,000 பங்குகளையும், கிடைத்த விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டராகப் போடப் போனார். நல்லவேளையாகத் தடுத்தேன். திரையில் வாங்குவோர் வரிசை ஐந்து வரிகளில் தெரிந்தது: 48.20 ரூபாய்க்கு 350 பங்குகள், 47.90-க்கு 200, 47.10-க்கு 600, 46.50-க்கு 150, 46-க்கு 400. ஐந்தையும் கூட்டினால் 1,700 மட்டுமே. மீதி 2,300 பங்குகள் எந்த விலைக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. வர்த்தகம் குறைந்த பங்கில் நாம் விலை குறித்துப் போடும் லிமிட் ஆர்டரே பாதுகாப்பு. குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறோமே என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்படும் கடைசி விலையான லோயர் சர்க்யூட்டில் பங்கு பூட்டிக்கொண்டால், விற்பவர் மட்டும் வரிசையில் நிற்க வாங்க ஆளிருக்காது, நம் ஆர்டர் அப்படியே கிடக்கும். 2023 ஜனவரி இறுதியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலை நாளிலேயே கணக்கு முடிக்கப்படுவதால், விற்ற பணம் விரைவில் வரும் என்பது ஒரு வசதி.

பதினொரு நாட்களில், சிறு சிறு லிமிட் ஆர்டர்களாக அவர் எல்லாவற்றையும் விற்று முடித்தார். நட்டம் நட்டம்தான். ஆனால் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால், மூலதன நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பின்னால் வரும் மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டும். ஓய்வூதியம் தவிர வருமானமில்லை, கணக்கை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தவர், அந்தத் தாளின் அடியில் மூன்றாவதாக ஒரு தேதியை எழுதிக்கொண்டு போனார்.