டர்பன் போலீஸ் ஸ்டேஷன் கவுன்டர்ல நின்னு நின்னு பாத்தது

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் இன்சூரன்ஸ் கிளைம் விசாரிக்கிற வேலையில இருக்கேன், பதினோரு வருஷமாச்சு. லாரி கடத்தல், வீடு புகுந்து திருட்டு, கடை எரிஞ்சதுன்னு எதுவா இருந்தாலும் ஃபைல்ல முதல்ல தேடுறது போலீஸ் கேஸ் நம்பரத்தான். அதனால வாரத்துல ரெண்டு மூணு நாள் ஏதாவது ஒரு ஸ்டேஷன் கவுன்டர்ல நின்னுட்டு இருப்பேன், இன்னைக்கு பணக்கார ஏரியா ஸ்டேஷன், நாளைக்கு டவுன்ஷிப் (நிறவெறி காலத்துல வெள்ளைக்காரங்க இல்லாதவங்கள தனியா ஒதுக்கி வச்ச குடியிருப்பு) ஸ்டேஷன். இங்க வேலைக்கு வர்ற நம்ம பசங்க அடிக்கடி கேக்குறாங்க, "அண்ணா இந்த ஊரு போலீஸ நம்பலாமா?"ன்னு. ஒரு வரியில சொல்ல முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இங்க ஸ்டேஷன்ல வரிசையில நிக்கிற நிறைய பேருக்கு கேஸே கிடையாது. ஐடி காப்பி, மார்க்‌ஷீட் காப்பியில சீல் வாங்க வந்திருப்பாங்க, ஒரிஜினல காட்டினா போலீஸே முத்திரை குத்தி கையெழுத்துப் போட்டுக் குடுக்கும், காசு கிடையாது. வேலைக்கு அப்ளை பண்ற பசங்க பிளாஸ்டிக் கவர்ல பேப்பர வச்சுக்கிட்டு காலையிலயே வந்து நிப்பாங்க. அவங்கள்ல பல பேருக்கு வாழ்க்கையில போலீஸோட இருக்கிற ஒரே பழக்கம் இதுதான். கவுன்டர்ல இருக்கிற கான்ஸ்டபிள் நிமிந்து மூஞ்சியப் பாத்து "சௌபோனா"ன்னு ஜூலுவுல வணக்கமா ஒரு வார்த்தை சொல்றாரா, இல்ல போனப் பாத்துக்கிட்டே முத்திரைய குத்தித் தள்றாராங்கிறத வச்சே அந்த ஏரியாவுல போலீஸுக்கு என்ன மரியாதைன்னு நான் ஓரளவு கணக்குப் போட்டுருவேன். பெரும்பாலும் தப்பினதில்ல.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு, தெரியலன்னா எதுவும் புரியாது. 1913ல ஆரம்பிச்ச பழைய போலீஸ், நிறவெறி ஆட்சியில திருடன் பிடிக்கிறத விட கறுப்பு மக்கள் ஊருக்குள்ள நடமாட வச்சிருக்க வேண்டிய பாஸ் புக் வச்சிருக்காங்களான்னு பாக்குறதுலதான் அதிக நேரம் செலவழிச்சது. 1960 மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில்ல 69 பேர சுட்டுக் கொன்னாங்களே, அது எங்க நடந்துச்சு தெரியுமா? போலீஸ் ஸ்டேஷனுக்கு வெளிய. "எங்ககிட்ட பாஸ் இல்ல, கைது பண்ணிக்கோங்க"ன்னு வந்து நின்ன ஜனங்க அவங்க. ஸ்டேஷன் வாசல்னா ஒரு தலைமுறைக்கே அதுதான் ஞாபகம். 1994ல ஜனநாயகம் வந்து, 1995ல புதுச் சட்டம் போட்டு, பழைய போலீஸையும் நிறவெறி அரசாங்கம் கறுப்பு மக்களுக்குன்னு பிரிச்சு வச்ச பத்து ஹோம்லேண்டோட போலீஸையும் சேத்து, மொத்தம் 11 படைய ஒண்ணாக்கி "சர்வீஸ்"னு பேரு வச்சாங்க. மிலிட்டரி மாதிரி இருந்த பதவிப் பேரெல்லாம் எடுத்தாங்க, அப்புறம் 2010ல குற்றம் கூடிடுச்சுன்னு ஜெனரல், கர்னல்னு திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, 2012 ஆகஸ்ட் 16ல, மாரிகானாவுல ஸ்ட்ரைக் பண்ணின சுரங்கத் தொழிலாளிங்க 34 பேர் போலீஸ் குண்டுல செத்தாங்க. பதவிப் பேரு மாத்தினதாலதான் சுட்டாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பேசாத ஆள இங்க நான் பாத்ததில்ல.

இப்போ நம்ம ஆளுங்க கதைக்கு வர்றேன். 1860ல மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்களோட வாரிசுங்கதான் டர்பன்ல இருக்கிற பல தமிழ்க் குடும்பம். போலீஸ் யூனிஃபார்ம்லயே மூட்லின்னு பேட்ஜ் இருக்கும், முதலியார்தான் வெள்ளக்கார கிளார்க் கையில அப்படி ஆயிடுச்சு, தமிழ்ல வணக்கத்தத் தாண்டி அனேகமா ஒண்ணும் வராது. நிறவெறி அரசாங்கம் இவங்கள ஊருக்குள்ள இருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கும், எழுபதுகள்ல பீனிக்ஸுக்கும் தள்ளுச்சு. பீனிக்ஸுக்கு அடுத்தாப்புல இனாண்டா, குவாமாஷுன்னு ஜூலு மக்கள் பகுதி. நடுவுல ஒரு ரோடு, சில இடத்துல ஒரு ஓடை. இந்தியர்களுக்கும் கறுப்பு மக்களுக்கும் நடுவுல வெடிச்ச 1949 கலவரம், 1985 கலவரம் ரெண்டும் பாட்டிங்க வாயில இன்னும் இருக்கு. அதாவது ரெண்டு பக்கமும் பயம் பரம்பரையா வருது.

2021 ஜூலையில முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா ஜெயிலுக்குப் போனதும் எல்லாம் பத்திக்கிச்சு. மால், கிடங்கு எல்லாம் சூறை, போலீஸ் அவசர நம்பர் 10111க்கு அடிச்சா ரிங் போய்க்கிட்டே இருக்கு, பல இடத்துல போலீஸ் தலையே தெரியல. ஒவ்வொரு தெருவுலயும் வாட்ஸப் குரூப், "நூறு பேர் வர்றாங்க", "இந்தக் கலர் கார் வருது"ன்னு மெசேஜ் மேல மெசேஜ், எது நெசம் எது புருடான்னு யாரும் பாக்கல. நானும் எங்க அபார்ட்மென்ட் கேட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு கிரிக்கெட் பேட்டோட நின்னவன்தான், இப்ப யோசிச்சா வெக்கமா இருக்கு, ஏன்னா அந்த நேரம் ஒரு ஆள் சும்மா நடந்து வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. பீனிக்ஸ்ல அதுதான் நடந்துச்சு. மக்களே ரோட்ட மறிச்சு, துப்பாக்கியோட செக்போஸ்ட் போட்டு, வர்ற வண்டிய நிறுத்தி, ஆளப் பாத்து முடிவு பண்ணினாங்க. அந்த ஏரியாவுல மட்டும் 36 பேர் செத்தாங்க, பெரும்பாலானவங்க கறுப்பு மக்கள். நாடு முழுக்க 350க்கு மேல. போலீஸ் இல்லாத இடத்துல ஜனங்க போலீஸ் வேலைய எடுத்துக்கிட்டா யாரு மேல சந்தேகம் விழுங்கிறத அவனவன் மூஞ்சியோட நிறம்தான் தீர்மானிக்கும், வேற எதுவும் இல்ல.

அதுக்கப்புறம் மாசக்கணக்கா எங்களுக்கு தூக்கம் இல்ல. சாதாரண இன்சூரன்ஸ்ல கலவர நஷ்டம் வராது, அதுக்குன்னு சாஸ்ரியான்னு அரசாங்கக் கம்பெனி தனியா இருக்கு, அந்த ஒரு கலவரத்துக்கு மட்டும் அது சுமார் 3200 கோடி ராண்ட் குடுத்துச்சு. ஆனா எல்லாத்துக்கும் கேஸ் நம்பர் வேணும். இனாண்டா பக்கத்து அம்மா ஒருத்தவங்க, தங்கச்சி மகனோட கார ரோட்டுல மறிச்சு எரிச்சுட்டாங்கன்னு என்கிட்ட வந்தாங்க. "கேஸ் குடுத்தீங்களா மா?"ன்னா இல்லன்னு தலைய ஆட்டுறாங்க. சம்பவம் நடந்த இடத்து ஸ்டேஷனுக்குப் போகணும்னா அதே ரோடு வழியா, அதே ஆளுங்களத் தாண்டிப் போகணும். இதுக்கு வழி இருக்குங்க. எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் எடுத்தே ஆகணும், அப்புறம் அவங்களே மாத்தி விட்டுப்பாங்க, இது அவங்க உத்தரவுலயே இருக்கு. அத அவங்களுக்கு யாரும் சொல்லல. கவுன்டர்ல இருந்தவரும் சொல்லல, "இது எங்க ஏரியா இல்ல"ன்னு அனுப்பிட்டாரு.

அடுத்து ஸ்டேட்மென்ட். எனக்கு இதுலதான் ரத்தம் கொதிக்கும். ஆள் ஜூலுவுல சொல்வாரு, கான்ஸ்டபிள் கேட்டு இங்கிலீஷ்ல எழுதுவாரு, கடைசியில கையெழுத்து. கடத்தல்ல மாட்டின லாரி டிரைவர் ஒருத்தர், பின்னாடி நீல லைட்டு போட்ட வண்டி வந்துச்சு, போலீஸ்னு நெனச்சு ஓரங்கட்டினேன்னு சொல்லியிருக்காரு. பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னா, "நானாகவே வண்டிய நிறுத்தினேன்". அவ்வளவுதான். கம்பெனி டிரைவரும் உள்கைன்னு சந்தேகப்பட்டு வேலையில இருந்து நிறுத்திருச்சு, கிளைமும் தொங்கிருச்சு. போலீஸ் வேணும்னு எழுதினதா நான் நினைக்கல. ஷிப்ட் முடியப் போற நேரம், பத்து வார்த்தைய மூணாச் சுருக்கியிருப்பாரு. ஆனா அந்த டிரைவர் இனி ஜென்மத்துக்கும் போலீஸ நம்பப் போறதில்ல, அவர் பிள்ளைங்களும்தான்.

போலி போலீஸ் நீல லைட் போட்டு கொள்ளையடிக்கிறது இங்க ரொம்ப சகஜம், புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்கோங்க. ராத்திரி ஆளில்லாத ரோட்டுல நிறுத்தச் சொன்னா ஹசார்ட் லைட்டப் போட்டு, மெதுவா, பக்கத்து ஸ்டேஷனுக்கோ வெளிச்சமான பெட்ரோல் பங்குக்கோ ஓட்டிட்டுப் போங்க. நெஜ போலீஸா இருந்தா அப்பாயின்ட்மென்ட் கார்டு, அதாவது போலீஸ் அடையாள அட்டை, காட்டச் சொல்லிக் கேக்கலாம். "கூல்டிரிங்குக்கு ஏதாவது?"ன்னு கேட்டா அது லஞ்சம், ஒரு தடவ குடுத்தா நம்ம வண்டி நம்பரே அவங்களுக்கு மனப்பாடம். கைது பண்ணினா ஏன்னு காரணம் சொல்லணும், 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுல நிறுத்தணும், நடுவுல லீவு நாள் வந்தா அடுத்த கோர்ட் நாள். இதெல்லாம் அரசியல் சட்டத்துலயே, 35ஆவது பிரிவுல இருக்கு, விசா வச்சிருக்கிறவனுக்கும் உண்டு. போலீஸ் அடிச்சாலோ, கஸ்டடியில யாராவது செத்தாலோ விசாரிக்கிறதுக்கு ஐபிட்னு தனி அமைப்பு இருக்கு, போலீஸுக்குக் கீழ வராது.

சரி, மக்களும் போலீஸும் உக்காந்து பேச வழியே இல்லையான்னா, இருக்கு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கம்யூனிட்டி போலீஸ் ஃபோரம்னு ஒண்ணு, 1995 சட்டத்துலயே வச்சுட்டாங்க. காகிதத்துல அருமை. நான் மூணு ஏரியாவுல போய் உக்காந்திருக்கேன். பணக்கார ஏரியாவுல பாதி நேரம் பிரைவேட் செக்யூரிட்டி, கேமரா பத்தியே பேச்சு. இந்த நாட்டுல வேலையில இருக்கிற பிரைவேட் கார்டுங்க அஞ்சு லட்சத்துக்கு மேல, போலீஸ் ரெண்டு லட்சத்தத் தொடாது. டவுன்ஷிப் மீட்டிங்ல தெருவிளக்கு எரியல, வேன் வரலன்னு அழுகை. கேப்டவுன் பக்கம் கயேலிட்சாங்கிற டவுன்ஷிப்ல மக்கள் போராடி போலீஸ் வேலைய விசாரிக்க ஒரு கமிஷனே வச்சாங்க, 2018ல ஈக்வாலிட்டி கோர்ட்டு அந்த மாகாணத்துல போலீஸ் ஆளுங்களப் பிரிச்சுப் போடுற முறையே கறுப்பு மக்களுக்கும் ஏழைங்களுக்கும் பாரபட்சம்னு தீர்ப்பு குடுத்துச்சு. குற்றம் அதிகமா நடக்குற இடத்துல ஆள் கம்மி, இதுக்கு என்ன ஃபோரம் போட்டு என்ன பண்ண?

2025 ஜூலையில எங்க மாகாண கமிஷனர் நிலாந்லா எம்க்வனாசியே பிரஸ் மீட் வச்சு, போலீஸ் மினிஸ்டர் விசாரணையில தலையிடுறாருன்னு குற்றம் சாட்ட, அத விசாரிக்க மட்லாங்கா கமிஷன்னு ஒண்ணு போட்டாங்க. ஸ்டேஷன் வரிசையில எல்லாரும் அதப் பத்தியேதான் பேசினாங்க. யாருக்கும் ஆச்சரியம் இல்ல, அதான் எனக்கு ஆச்சரியம்.

போன மாசம் வேற ஒரு டிரைவரோட, வேற ஒரு ஸ்டேஷன். கவுன்டர்ல ரிட்டயர் ஆகப் போற வயசுல ஒரு அம்மா, சார்ஜென்ட். ஸ்டேட்மென்ட்ட எழுதி முடிச்சதும் கையெழுத்து கேக்கல. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, இங்கிலீஷ்ல எழுதினத ஒவ்வொரு வரியா ஜூலுவுல திருப்பிப் படிச்சுக் காட்டினாங்க. மூணாவது வரியில டிரைவர் "சா, மா"ன்னாரு, அதாவது இல்லம்மா, அப்படி இல்ல. பின்னாடி பன்னெண்டு பேர் வரிசையில நிக்கிறாங்க, ஒருத்தன் உச்சுக் கொட்டுறான். அந்த அம்மா நிமிரவே இல்ல, வரிய அடிச்சாங்க, மேல திருத்தி எழுதினாங்க, ஓரத்துல இனிஷியல் போட்டு பேனாவ டிரைவர் பக்கம் தள்ளினாங்க.