பட்டாளக்காரர் காதில் வாங்காதது திமிர் இல்லை

போன வாரமும் ஒருவரை வீட்டார் இழுத்துக்கொண்டு வந்தார்கள். 1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் குண்டு ஏற்றியவர். "சத்தமெல்லாம் நல்லா கேக்கும் மேடம், நான் சொன்னா மட்டும் காதுல வாங்க மாட்டாங்க" என்று அவர் மனைவி குறைபட, அவர் தலையைக் குனிந்துகொண்டார். மார்த்தாண்டத்தில் காது பரிசோதனை செய்கிற எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு ஆற்றாமையாக இருக்கிறது.

வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டினாலே ஒரே அடியில் காது கெடலாம். பீரங்கியருகே அது 170-ஐயும் தாண்டும். கார்கில் முடிந்தும், 2003 நவம்பர் போர்நிறுத்தம் வரை காஷ்மீர் எல்லைக்கோட்டில் பீரங்கிச் சண்டை ஓயவில்லை. ஆர்டர் காதில் விழவேண்டுமே என்று காது அடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டு நின்றவர்கள்தான் பலரும். சிலர் பஞ்சு வைத்தார்கள், அதனால் பெரிதாகப் பயனில்லை.

இந்தச் சேதம் முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளைத்தான் பறிக்கும். அதனால் பஸ் இரைச்சல் கேட்கும், கதவு தட்டினால் கேட்கும், கூட்டாளியின் கனத்த குரலும் கேட்கும். மனைவி, பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரலில் ச, த மாதிரி எழுத்துகள் மட்டும் உதிர்ந்துபோகும். தட்டை எடுங்கள் என்றால் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். இதில் திமிர் எங்கே இருக்கிறது? கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்திருப்பதும் இதனால்தான், கூட்டத்தில் ஒரு பேச்சும் பிடிபடாது. ராத்திரியில் காதுக்குள் சில்வண்டு கத்துவதைப் பலர் வீட்டில் சொல்வதேயில்லை.

கத்திப் பேசாதீர்கள், இந்தக் காதுக்கு உரத்த சத்தம் வலிக்கும். முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள், உள்காதில் செத்த செல் திரும்ப முளைக்காது. ஆன்லைனில் சத்தம் கூட்டும் மிஷின் வாங்க வேண்டாம்; சோதித்து, அவரவர் காதுக்கு அமைத்த கருவிதான் வேண்டும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் அங்கேயே கேளுங்கள். புதுக் கருவி முதலில் இரைச்சலாகத்தான் இருக்கும், அதற்காக அலமாரியில் போட்டுவிடாதீர்கள். கோயில் கொடையில் கதினா வெடி வைக்கும் இடத்தில் அவரை நிறுத்தாதீர்கள். திடீரென ஒரு காது அடைத்துப்போனால் அழுக்கு என்று நினைத்துக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இப்போது பணியில் இருக்கும் தம்பிகள், அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்துப் போடுங்கள். ஓய்வுபெறும் முன் காது பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், சோதனைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டில் அவரிடம் அதிகம் பேசுகிறவர் கூட வாருங்கள். கருவியை உங்கள் குரலுக்கும் சேர்த்துத்தான் சரிபார்க்க வேண்டும்.