ஆய்வைப் பூட்டி வைத்தால் அரைப் பேர் விழுவது யாருக்கு?

தேயிலைத் தோட்டங்களுக்கும் மரக்கறி செய்கிறவர்களுக்கும் மண், பசளை பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் 2021 பற்றிய பேச்சு இன்றும் வந்துவிடும். "பசளையே இல்லாமப் பண்ணிட்டாங்களே சேர், படிச்சவங்க ஒருத்தரும் வாய் தொறக்கலையா?" என்று கேட்பார்கள். திறந்தார்கள். திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் மலைக்கு வந்து சேரவில்லை.

2021 மே மாதம் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி நின்றது. இலங்கை முழுவதும் ஒரே மூச்சில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். சேதனப் பசளைக்கு நான் எதிரி இல்லை, மண் செத்துக் கிடக்கும் இடங்களில் கொம்போஸ்ட் போடச் சொல்லி மல்லுக்கட்டுகிறவன்தான். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கொம்போஸ்டில் 1, நன்றாகச் செய்திருந்தால் 2. அதாவது 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கிற 23 கிலோ நைதரசனைக் கொம்போஸ்டாகக் கொடுக்க ஒரு டொன்னுக்கு மேல் வேண்டும், தரம் குறைந்தால் இரண்டு டொன்னையும் தாண்டும். லொறி ஏறாத மலையில் அதை முதுகில் சுமக்கப் போவது யார்? சுமந்து போட்டாலும் நம் குளிருக்கு அது மக்கி வேருக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு தடவையும் செடியிலிருந்து நைதரசன் கூடையோடு போய்விடுகிறது, அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுக்காதபோது செடி என்ன செய்யும்? முதலில் கீழே உள்ள முற்றிய இலை வெளிறும். பிறகு புதுத் தளிர் சிறுத்து, கணுவுக்குக் கணு நெருங்கி, மொட்டு விடாமல் அப்படியே உறங்கிவிடும். ஏழெட்டு நாளில் திரும்பி வர வேண்டிய மலைக்கு இரண்டு வாரம் கழித்துப் போனாலும் கூடை நிறையாது. அந்த வருஷம் மார்ச் மாதம்தான் நாள் சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்திருந்தது, அதோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவையும் ஏற்றிவிட்டார்கள். இலையில்லாத செடியில் அந்தக் கிலோவை எப்படி எட்டுவது? எட்டாவிட்டால் அரைப் பேர். காலையிலிருந்து மழையில் நின்ற பெண்ணுக்குப் பாதிச் சம்பளம். கொழும்பில் எடுத்த முடிவு கடைசியில் வந்து விழுந்த இடம், பேரும் சம்பளமும் பதிகிற அவருடைய செக்ரோல்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். விவசாய விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே, விளைச்சல் விழும் என்று பகிரங்கமாகவே பேசிக்கொண்டிருந்தார், விவசாய அமைச்சின் கீழ் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கினார்கள். டிசம்பரில் அமைச்சின் செயலாளர் உதித் ஜயசிங்க உணவுத் தட்டுப்பாடு வரலாம் என்று எச்சரித்தார், சொன்ன சூட்டோடு பதவி போனது. இத்தனைக்கும் இறக்குமதித் தடையை நவம்பரிலேயே நீக்கிவிட்டிருந்தார்கள்! தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ, அடுத்த வருஷம் ஏறத்தாழ 25 கோடி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனாவிலிருந்து சேதனப் பசளை கப்பலில் வந்தபோது, அதன் மாதிரிகளில் பயிருக்குக் கேடு செய்யும் எர்வினியா வகை பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அறிக்கை கொடுத்தார்கள். கம்பனி மறுத்தது, நட்டஈடு கேட்டது, பெரிய இராஜதந்திரச் சிக்கலே வந்தது. அதிகாரிகள் அறிக்கையை மாற்றவில்லை, கப்பலும் சரக்கை இறக்கவில்லை. இதற்காக நாடு 67 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது உண்மை. ஆனால் அந்தப் பக்டீரியா வெலிமடை உருளைக்கிழங்கு வயலுக்குள் இறங்கியிருந்தால் ஆகும் செலவை யார் கட்டுவது?

இவையெல்லாம் செய்தியில் வந்தவை, வராதவை நிறைய. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலர் தன் அறிக்கையில் பசளை போட்ட துண்டையும் போடாத துண்டையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை வைத்திருந்தார். அறிக்கை மேலதிகாரிகளிடம் போய்த் திரும்பி வந்தபோது அட்டவணை இருந்த பக்கமே இல்லை. "இப்ப இது வேணாம்" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இப்படிப் பக்கத்தை உருவுவதற்கு யாரும் எழுத்தில் உத்தரவு போடுவதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தூர இடமாற்றத்துக்குப் பயம் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுத்திலும் தடை உண்டு. அரச ஊழியர் உத்தியோகபூர்வத் தகவலை ஊடகத்துக்குக் கொடுப்பதை, அவர்களுடைய சேவை விதிகளான தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது. 2022 செப்டெம்பரில், பாடசாலைப் பிள்ளைகள் சாப்பாடில்லாமல் மயங்கி விழுகிறார்கள் என்று சுகாதார அலுவலர்களும் ஆசிரியர்களும் சொல்லத் தொடங்கிய நேரத்தில், அரச ஊழியர் சமூக வலைத்தளங்களில் கருத்துச் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பசித்த பிள்ளையைப் பற்றி ஆசிரியர் பேசக் கூடாதென்றால் வேறு யார் பேசுவது?

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. கனடாவில் ஸ்டீவன் ஹார்ப்பர் பிரதமராக இருந்த காலத்தில் அரச விஞ்ஞானிகள் ஊடகத்தோடு பேச மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. 2012 ஜூலையில் அவர்கள் வெள்ளை ஆய்வுகூட அங்கியோடு ஒட்டாவா வீதியில் இறங்கி, ஆதாரம் செத்துப்போனது என்று சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். அடுத்த வருஷம் அவர்களுடைய தொழிற்சங்கம் எடுத்த கணிப்பில் நூற்றுக்கு 90 பேர் சுதந்திரமாகப் பேச முடியவில்லை என்றார்கள். 2015இல் ஆட்சி மாறியது. சங்கம் அதோடு விடவில்லை, விஞ்ஞானிக்குப் பேசும் உரிமை உண்டு என்பதைத் தன் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. மலையகத்தில் நமக்குக் கூட்டு ஒப்பந்தம் என்றால் சம்பளம் மட்டும்தான் நினைவுக்கு வரும். அரச ஆய்வாளர்களின் சங்கங்கள் இங்கேயும் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. இந்தச் சட்டப்படி கொடுக்கக்கூடிய தகவலைக் கொடுத்ததற்காக எந்த ஊழியரையும் தண்டிக்க முடியாது என்று அதன் 40ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது நீங்கள் விண்ணப்பம் போட்டால், பேசப் பயந்திருக்கும் அந்த அலுவலருக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணித்தியாலத்துக்குள்.

உயிர் என்றதும் மீரியபெத்தை ஞாபகம் வராதவர் நம்மில் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி தோட்டத் தொழிலாளர் குடியிருந்த அந்த லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போவதற்கு முன்பே, 2005இலும் 2011இலும், அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அங்கே ஆய்வை யாரும் மறைக்கவில்லை, ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் சனங்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். ஆகவே உங்கள் லயத்துக்கு மேலே உள்ள சரிவுக்கு மண்சரிவு அறிக்கை இருக்கிறதா, எந்தத் திகதியில் கொடுத்தது, யாருக்கு அனுப்பினார்கள், அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று நான்கு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.