மாடிப்படி திருப்பத்துல சிக்காத சோபா

மூணு பேர் உக்கார்ற சோபாவ மாடிக்கு ஏத்திப் பாத்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். கீழ ரெண்டு பேர் மேல ரெண்டு பேர், படி நேரா இருக்குற வரைக்கும் ஜம்முனு போகும், திருப்பம் வந்ததும் "கொஞ்சம் சாய்ங்க, இல்ல இல்ல அந்தப்பக்கம்"னு ஆரம்பிக்கும், செங்குத்தா நிமித்திப் பாப்போம், சுவத்துல நீளமா ஒரு கீறல் விழும், கடைசில அங்கயே இறக்கி வெச்சுட்டு அதுமேலயே உக்காந்து மூச்சு வாங்குவோம். எங்க வீட்டு சோபா நாலு காலையும் கழட்டின பிறகும் ஏறல, திரும்ப கீழ இறக்கினதுதான் மிச்சம். அதுக்கப்புறம்தான் துண்டு துண்டா வர்ற மாடுலர் சோபா பக்கம் போனேன், வாங்கினதும் வழக்கம்போல அத கவுத்துப் போட்டு அடியில என்ன இருக்குன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

திருப்பத்துல சிக்குற இந்த விஷயம் கணக்குல ஒரு பெரிய புதிர்னு தெரிஞ்சப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. 1966-ல லியோ மோசர்ங்குற கணித அறிஞர் கேட்ட கேள்வி இது: 1 மீட்டர் அகலமான நடை ஒன்னு 'ட' மாதிரி செங்கோணமா திரும்புது, தூக்காம சாய்க்காம தரையோட தரையா நகர்த்தியே கொண்டுபோகணும்னா அதிகபட்சம் எவ்ளோ பரப்புள்ள பொருள் போகும்? 1968-ல ஜான் ஹேமர்ஸ்லி 2.2074 சதுர மீட்டருக்கு ஒரு வடிவம் காட்டினார், 1992-ல ஜோசப் கெர்வர் 18 துண்டுகள ஒட்டி ஓரம் வரைஞ்சு அத 2.2195 ஆக்கினார், இதுக்கு மேல முடியவே முடியாதுன்னு 2024 கடைசில ஜினோன் பேக் நூறு பக்கத்துக்கு மேல நிரூபணம் எழுதி வெளியிட்டார். கிட்டத்தட்ட அறுபது வருஷம்! அந்த வடிவம் பாக்க பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி இருக்கும், அதுல யாரு உக்கார்றதுங்குறது வேற கதை.

நம்ம சோபா செவ்வகம், அதனால கணக்கு சுலபம். 90 செ.மீ. ஆழமுள்ள சோபா, அதே 1 மீட்டர் நடை. திரும்பும்போது 45 டிகிரில நிக்குற நொடிதான் ரொம்ப இறுக்கம், உள்மூலைக்கும் வெளிமூலைக்கும் நடுவுல இருக்குறது 1.414 மீட்டர், அதுல சோபாவோட ஆழம் 0.9 போனா மிச்சம் 0.514, அதோட ரெண்டு மடங்குதான் நீளத்துக்கு இடம். அதாவது வெறும் 1.03 மீட்டர். மூணு பேர் சோபா 2 மீட்டருக்கு மேல வரும், நாம எவ்ளோ கத்தினாலும் அது தரையோட போகாது, அதான் தூக்கி நிமித்தி சாய்ச்சு எல்லா வித்தையும் காட்டுறோம்.

இப்போ அதே இடத்துல 90-க்கு 90 சதுரம் ஒன்ன எடுத்துக்கோங்க. அத திருப்பவே வேண்டாம். மூலை வரைக்கும் தள்ளணும், அங்கிருந்து பக்கவாட்டுல தள்ளணும், அவ்ளோதான். நாலு பக்கமும் ஒரே அளவுங்குறதால எது முன்பக்கம்ங்குற கேள்வியே அதுக்கு இல்ல. மாடுலர் சோபாவோட சூட்சுமம் முழுக்க இந்த சதுரத்துலதான் இருக்குன்னு நான் சொல்வேன், அதோட தலைவலியும் இங்கதான் இருக்கு.

1970-ல இத்தாலில மாரியோ பெல்லினி வடிவமைச்ச கமலியோண்டா சோபா இந்த வகையில ரொம்பப் பேர் வாங்கினது, பச்சோந்தி அலை ரெண்டுக்கும் உள்ள இத்தாலியச் சொல்ல சேத்து வெச்ச பேரு. அதோட உக்கார்ற பீஸ் சரியா 90-க்கு 90 செ.மீ., முதுகு, கை எல்லாம் தனித்தனி, கேபிள், கொக்கி, வளையம் வெச்சு எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் மாட்டிக்கலாம். எத்தனை விதமா மாத்தலாம்னு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு. சமமான சதுரங்கள பக்கத்தோட பக்கம் ஒட்டி வர்ற உருவங்களுக்கு சாலமன் கோலம்ப் 1953-ல பாலியோமினோன்னு பேர் வெச்சார். நாலு சதுரம்னா 5 வடிவம், அஞ்சுன்னா 12, ஆறுன்னா 35, இதுல ஒவ்வொரு சதுரத்துக்கும் முதுக எந்தப் பக்கம் வைக்குறதுன்னு சேத்தா எண்ணிக்கை எங்கயோ போயிடும். உண்மைய சொல்லணும்னா எங்க வீட்டுல ரெண்டே வடிவம்தான் புழக்கத்துல இருக்கு, சாதாரண நாள்ல 'ட', ஆளுங்க வந்து தங்குனா எல்லாத்தையும் சேத்து ஒரு கட்டில்.

சரி, சும்மா பக்கத்துல பக்கத்துல வெச்சா சோபா ஆயிடுமா? கிளிப் எதுவும் மாட்டாம ரெண்டு பீஸ ஒட்டி வெச்சு நடுக்கோட்டு மேல உக்காந்து பாருங்க. நம்ம கால் இடிச்சுக்கக் கூடாதுன்னு சோபாவோட கால் எல்லாம் ஓரத்துலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், ஆனா நம்ம எடை விழுறது ஓரத்துல, அதாவது காலுக்கும் வெளிய. அதனால ரெண்டு பீஸும் சீசா பலகை மாதிரி நம்ம பக்கம் சாயப் பாக்கும், மேல ரெண்டும் முட்டிக்கும், கீழ கால் ரெண்டு பக்கமும் வழுக்கி விலகும். வழவழன்னு டைல்ஸ் தரைன்னா கேக்கவே வேண்டாம், நாலு தடவ உக்காந்து எழுந்தா நடுவுல கை நுழையுற சந்து, ரிமோட், பேனா, சில்லறை எல்லாம் அதுக்குள்ள. விலகுறது கீழங்குறதாலதான் இணைப்ப ஃப்ரேமோட அடிப்பக்கம், காலுக்குக் கிட்ட போடுறாங்க.

ரொம்ப சாதாரணமா பாக்குறது முதலைக் கிளிப். ஒரு பீஸோட அடியில வாயத் திறந்து வெச்ச மாதிரி ஒரு இரும்புத் தகடு, இன்னொன்னுல நாக்கு மாதிரி ஒரு பட்டை, ஒரு பீஸ லேசா தூக்கி மேலேர்ந்து இறக்கினா டக்குனு உள்ள போய் உக்காரும். பக்கவாட்டுல இழுத்தா வராது, மேல தூக்கினா சுலபமா வந்துடும். சோபால உக்காந்திருக்கும்போது நம்ம எடை கீழதான அழுத்துது, அதனால உக்கார உக்கார பூட்டு இறுகும், ஸ்க்ரூ எதுவும் வேண்டாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை. ஆனா கொஞ்சம் லூசு விட்டுத்தான் செய்யணும், தரை எங்கயும் மட்டமா இருக்காது, ஆறு பீஸுக்கு 24 கால், ஒன்னு மேல ஒன்னு கீழன்னு நிக்கும், கிளிப் ரொம்ப இறுக்கமா இருந்தா மாட்டவே முடியாது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. வலப்பக்கம் கொக்கி, இடப்பக்கம் பட்டைன்னு வெச்சா வரிசையா மாட்டலாம், ஆனா ஒரு பீஸ அரைச்சுத்து திருப்பினா கொக்கிக்கு எதிரா கொக்கி வந்து நிக்கும். சதுரம்னு பேரு, இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது! இதுக்கு வழி என்னன்னா ஒவ்வொரு பக்கத்துலயும் இடது ஓரம் கொக்கி, வலது ஓரம் பட்டைன்னு ரெண்டையும் வைக்குறது. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னா என் இடக்கைக்கு நேரா உங்க வலக்கைதான வரும், அதே மாதிரி எந்தப் பக்கத்த எந்தப் பக்கத்தோட சேத்தாலும் கொக்கிக்கு நேரா பட்டை வந்துடும். என்ன, இப்போ மேலேர்ந்து இறக்கிப் பூட்டுற வசதி போயிடும், ஒரு ஓரம் நுழையுற திசையில இன்னொரு ஓரம் நுழையாது. அதனால இன்னும் சில சோபால பீஸ்ல எதுவுமே வைக்காம, தனியா ஒரு யு வடிவப் பட்டைய பக்கத்துப் பக்கத்துக் கால் ரெண்டையும் சேத்து மாட்டச் சொல்லிடுறாங்க. பாக்க மட்டமான யோசனை, ஆனா எப்படித் திருப்பினாலும் வேலை செய்யும். (1972-ல வந்த சுவிஸ் சோபா டி.எஸ்.600 வேற ரூட்டு, குறுகலான துண்டுகள ஜிப்பும் கீலும் போட்டு சேத்துருப்பாங்க, பாம்பு மாதிரி வளைச்சுக்கலாம்.)

அடுத்து ஃபோம். 1937-ல ஓட்டோ பாயர் குழு கண்டுபிடிச்ச பாலியூரித்தேன்தான் இன்னிக்கும் பெரும்பாலான சோபால இருக்கு, கலவையில இருக்குற தண்ணி அதுல சேக்குற ஐசோசயனேட்ங்குற ரசாயனத்தோட வினை புரிஞ்சு கார்பன் டை ஆக்சைட விடும், அந்த வாயுதான் உள்ள குமிழி குமிழியா ஊதுது. அமுக்கினா இது மூணு கட்டமா நடந்துக்கும்: முதல்ல குமிழியோட சின்னச் சின்ன சட்டம் எல்லாம் லேசா வளையும், அப்புறம் ஒன்னொன்னா மடங்கி சரியும், அந்த நேரத்துல அழுத்தம் பெருசா ஏறாமலே உள்ள போவோம், சுகமா இருக்குறது இந்தக் கட்டம்தான், கடைசில எல்லாம் ஒன்னோட ஒன்னு நசுங்கி பலகை மாதிரி ஆயிடும். நல்ல ஃபோம் நம்மள நடுக்கட்டத்துலயே நிறுத்தி வைக்கும். இத அளக்க ஃபோம 25 சதவீதம் அமுக்க எவ்ளோ விசை வேணும், 65 சதவீதம் அமுக்க எவ்ளோ வேணும்னு பாப்பாங்க, ரெண்டாவது முதலாவதவிட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா தரையில போய் இடிக்காதுன்னு அர்த்தம். டென்சிட்டி (அதே அளவு ஃபோம் எவ்ளோ எடை இருக்குங்குறது) வேற, கெட்டித்தனம் வேற, டென்சிட்டி அதிகமான ஃபோம் மெத்துனும் இருக்கலாம், ஆனா நாள்பட உழைக்கும். மாடுலர்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா ஒவ்வொரு பீஸுக்கும் சுத்தி தனி ஃப்ரேம், ரெண்டு பீஸ் சேர்ற கோட்டுல ரெண்டு கட்டை அடுத்தடுத்து நிக்குது, அங்க உக்கார்றவங்கள ஃபோம் மட்டும்தான் காப்பாத்தணும்.

இப்போ அந்தத் தலைவலிக்கு வர்றேன். 90 சதுரத்துல முதுகுக்கு 25 செ.மீ. போனா உக்கார்ற ஆழம் 65. பெரியவங்க பலருக்கு பின்பக்கத்துலேர்ந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் 45-50 செ.மீ.தான் இருக்கும். அப்போ முதுகு சாயணும்னா கால் தரையில படாது, கால் படணும்னா முதுகுக்குப் பின்னால பெரிய இடைவெளி, உடனே நாம வழுக்கி கூனிக்கிட்டு உக்கார்றோம். முதுகெலும்பு வட்டுக்குள்ள ஊசி விட்டு அழுத்தத்த அளந்தவர் சுவீடன் டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன், முன்னால வளைஞ்சா அழுத்தம் கூடுது, பின்னால சாஞ்சா குறையுதுன்னு அவர் காட்டினார். படியில சுலபமா ஏறுற சதுரம் முதுகுக்கு ஆகல! அதனாலதான் மாடுலர் சோபால தனியா ரெண்டு மூணு பெரிய குஷன் தர்றாங்க, அது அழகுக்கு இல்ல, 15 செ.மீ. ஆழத்த அடைக்க. கால நீட்டிப் படுக்குறவங்களுக்கு 65 சொர்க்கம், உக்காந்து லேப்டாப்ல வேலை பாக்குறவங்க குஷன எடுத்து முதுகுக்குப் பின்னால திணிச்சுக்கணும்.

ஃபோம் தினமும் அமுங்க அமுங்க மெதுவா தளரும், அதுவும் எல்லாரும் உக்கார்ற அந்த ஒரே இடத்துல. சாதாரண சோபான்னா பள்ளம் விழுந்தா விழுந்ததுதான், மாடுலர்ல காருக்கு டயர் மாத்துற மாதிரி பீஸ இடம் மாத்திடலாம். போன மாசம் அப்படித்தான் டிவிக்கு நேரா இருந்த பீஸ தூக்கி மூலையில போட்டுட்டு, ஆளே உக்காராத மூலை பீஸ கொண்டுவந்து டிவிக்கு நேரா வெச்சேன். அப்பா வந்தார், உக்காந்தார், நெளிஞ்சார், எழுந்து போய் மூலையில அந்தப் பழைய பள்ளத்துலயே உக்காந்துட்டார், அங்கேர்ந்து டிவி தெரியாது, டிவிய திருப்புன்னுட்டார்.