வௌவாலுக்கு நோய் வந்தால் யார் செலவு செய்வது?

போன மே மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மாவும் பையனும் செருப்புப் பெட்டியோடு என் கால்நடை கிளினிக்குக்கு வந்தார்கள். பெட்டிக்குள் துண்டில் சுற்றிய பழந்தின்னி வௌவால். மாஞ்சா நூல் இடது இறக்கைச் சவ்வைக் கிழித்து எலும்பு வரை இறங்கியிருந்தது. பையன் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கேட்டது ஒன்றுதான்: “டாக்டர், இதால புள்ளைக்கு ஏதாவது வந்துடுமா?”

நியாயமான கேள்வி. கடித்ததா, கீறியதா என்று விசாரித்தேன். இல்லை, துண்டு போட்டுத்தான் தூக்கினானாம். எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் சொன்னேன். முதலுதவி செய்து, வனத்துறைக்குத் தகவல் கொடுத்து ஒப்படைத்தோம்.

வௌவாலால் நமக்கு என்ன வரும் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. வௌவாலுக்கு என்ன வரும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆய்வுக்கான பணமும் இந்த வழியில்தான் ஓடுகிறது என்பது என் வருத்தம். 2018-இல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பரவும் நிபா வைரஸ் வந்து உயிர்களைக் கொண்டுபோன பிறகு பழந்தின்னிகளின் ரத்தத்தையும் எச்சிலையும் சோதித்தார்கள். அது அவசியமான வேலை. அதே வௌவால்கள் நலமாக இருக்கின்றனவா, எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று வருடாவருடம் பார்ப்பதும் அதே அளவு அவசியம்.

ஏன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில், மூக்கில் மாவு அப்பியதுபோல வெள்ளையாக இருந்த வௌவால்களை ஒருவர் படம் பிடித்தார். அடுத்த குளிர்காலத்தில் பக்கத்துக் குகைகளில் ஆயிரக்கணக்கில் செத்துக்கிடந்தன. வெள்ளை மூக்கு நோய் என்று பெயர் வைத்தார்கள். காரணம் சூடோஜிம்னோஆஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ் என்ற பூஞ்சை.

சென்னையில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்குப் பூஞ்சை புதிதல்ல. மழைக்காலம் வந்தால் காது நோயும் படர்தாமரையும்தான் பாதி நாளைத் தின்னும். அவை அரிக்கும், நாறும், ஆனால் பெரும்பாலும் உயிரை எடுக்காது. இந்தப் பூஞ்சை வேறு மாதிரி. குளிரில்தான் வளரும், 20 டிகிரிக்கு மேல் தாங்காது. குளிர்கால உறக்கத்தில் வௌவாலின் உடல் குகையைப்போலவே சில்லிட்டுப்போய், எதிர்ப்புச் சக்தியும் அடங்கிக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து இறக்கைத் தோலுக்குள் இறங்குகிறது. தொந்தரவு தாங்காமல் வௌவால் அடிக்கடி விழித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விழிப்பும் உடம்பைச் சூடாக்க, சேர்த்துவைத்த கொழுப்பை எரிக்கிறது. வசந்தம் வருவதற்குள் கையிருப்பு தீர்ந்து, பனியில் பூச்சி தேடிப் பறந்து பட்டினியால் சாகிறது. 2012 வரை மட்டும் 50 லட்சத்துக்கு மேல் இறந்ததாக அமெரிக்க வனவிலங்குத் துறை கணித்தது. மூன்று இனங்கள் பத்தே ஆண்டுகளுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தன. வருடத்துக்கு ஒன்றிரண்டு குட்டி மட்டுமே போடும் உயிர்கள். இழந்ததை எப்போது மீட்கும்?

இந்தச் சரிவை அளக்க முடிந்ததே, நோய் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே சிலர் குளிர்காலக் குகைகளுக்குள் புகுந்து தலை எண்ணி வைத்திருந்ததால்தான். அப்போது அந்த வேலைக்குப் பணம் கேட்டிருந்தால், “எதற்கு?” என்றுதான் கேட்டிருப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூஞ்சையின் மரபணுவை உட்கார்ந்து படித்தவர்கள், புற ஊதா ஒளியால் வரும் சேதத்தைச் சரிசெய்யும் நொதி ஒன்று அதனிடம் இல்லை என்று 2018-இல் கண்டுபிடித்தார்கள். குகை இருட்டிலேயே வாழ்ந்த பூஞ்சைக்கு அந்த ஒளியே எதிரி. சிகிச்சைக்கு ஒரு வழி அங்கிருந்து திறந்தது. ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாமல் நடக்கும் இத்தகைய வேலைக்குத்தான் நிதி கிடைப்பது கடினம்.

2024-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பூச்சி தின்னும் வௌவால்கள் அழிந்த அமெரிக்க மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிக்கொல்லியை 31 சதவீதம் கூடுதலாக அடித்தார்கள். அதே இடங்களில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் ஏறக்குறைய 8 சதவீதம் உயர்ந்தது.

சென்னை வெயிலில் அந்தப் பூஞ்சை பிழைக்காது. நம் ஊர் வௌவால்கள் குளிர்கால உறக்கம் போடுவதும் இல்லை. ஆனால் இமயமலைப் பக்கம் சில்லென்ற குகைகள் இருக்கின்றன. பூஞ்சை சீனாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அங்கும் ஐரோப்பாவிலும் வௌவால்கள் கூட்டமாகச் சாகவில்லை என்பது ஆறுதல். ஏன் சாகவில்லை என்பது படிக்க வேண்டிய பாடம். குகைக்குள் போய்வருபவர்களின் செருப்பிலும் துணியிலும் பூஞ்சையின் வித்து ஒட்டிக்கொண்டு ஊர் தாண்டும் என்பதால், மலையேற்றக் குழுக்களில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும்.

இந்தியாவில் 120-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. மேகமலையில் வாழும் சலீம் அலி பழந்தின்னி உலகிலேயே அரியவற்றில் ஒன்று. அடுக்குமாடி வாசலில் நெட்டிலிங்கக் கொட்டைகளை இறைத்துவிட்டுப் போவதும், தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிப்பதும் இவற்றின் சொந்தபந்தங்கள்தான். இவற்றைக் கவனிக்கப் பெரிய கட்டடம் வேண்டாம். நம் காதுக்கு எட்டாத வௌவால் ஒலியைப் பிடிக்கும் மீயொலிப் பதிவுக் கருவி, ஸ்வாப், பிசிஆர் சோதனைச் செலவு, ஒரு மாணவருக்கு உதவித்தொகை, பஸ் கட்டணம் போதும். ஆனால் ஒரு வருடம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை; பத்து வருடம் விடாமல் வர வேண்டும்.

2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் தாவர, விலங்குப் பாதுகாப்பும் இருக்கிறது. ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் வேலை பார்ப்பவர்களே, உங்கள் அலுவலகத்தில் அந்த நிதியைக் கவனிப்பவர் யார் என்று விசாரியுங்கள். மரக்கன்று நடுவதோடு, வௌவால் கணக்கெடுப்புக்கும் ஒரு பங்கு கேளுங்கள். கோரிக்கை எழுத்தில் வேண்டும் என்றால், உட்கார்ந்து எழுதித்தர நான் தயார்.