பிரேக், ஸ்டியரிங்: தடுப்பது எது, ஒடிப்பது எது?

சேலம் அடிவாரத்தில் தொடங்கி ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் எண்ணிட்ட 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. புதிதாகக் கார் ஓட்டப் பழகிய ஒருவர் அவ்வழியே இறங்கும்போது, பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ சொல்லும் அறிவுரை பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்: “பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வராதப்பா”, “இந்த வளைவுல நல்லா ஒடி”. முதல் வாக்கியத்தில் கருவியின் பெயர் ஆங்கிலம், வினை தமிழ். இரண்டாவதில் கருவியின் பெயரே இல்லை, வினை மட்டும் நிற்கிறது. பிடி, ஒடி என்னும் இவ்விரு வினைகளையும் எந்தப் பாடநூலும் ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கவில்லை. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் தமிழ்ச்சொல் தேடுவோர் அகராதியைப் புரட்டுவதற்கு முன் இந்த வினைகளைக் காதில் வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரேக் என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அகராதியாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வந்தவர்கள் அல்லர். ஆளிச் செடியின் தண்டை நசுக்கி நாரைப் பிரிக்கும் பற்கட்டைக்கு இடைக்கால டச்சு மொழியில் வழங்கிய பெயரோடு அதனை இணைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயர் ‘உடை’ என்னும் பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது. நீரிறைக்கும் குழாயின் கைப்பிடி போன்ற நெம்புகோலைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து. எவ்வழியில் வந்திருந்தாலும், உடைத்தலைக் குறிக்கும் சொல்லும் வண்டியைத் தடுக்கும் கருவியைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியில் ஒலிக்கின்றன. எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். ஒடித்தல் என்பது தமிழில் குச்சியை முறிப்பது. ஆனால் நம் ஓட்டுநர் வண்டியைத் திருப்புவதற்கே “ஒடி” என்கிறார். ஆங்கிலத்தில் உடைப்பதன் சாயல் தடுக்கும் கருவியின் மீது விழுந்தது. தமிழில் அது திருப்பும் செயலின் மீது விழுந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் சக்கரங்கள் நேர்க்கோட்டை முறித்துக்கொண்டு திரும்புவதைக் கண்டவர்கள், அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்று அறிவார்கள்.

பிரேக்குக்குத் தமிழில் வழங்கப்படும் சொற்களில் நிறுத்தி, தடை, தடுப்பு, தடுப்பான் ஆகியன முதன்மையானவை. இவற்றுள் நிறுத்தி என்பதை நான் ஏற்பதில்லை. அதற்கான காரணமும் அதே மலைச்சாலையில்தான் இருக்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 1,200 மீட்டர் உயரத்தை இறங்கி முடிக்கும்போது கைவிட வேண்டிய ஆற்றல், 20 பாகை வெப்பத்தில் உள்ள 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இந்த ஆற்றலில் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொண்டது போக மீதமெல்லாம் உராய்வின் வழியே பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் மிகும்போது உராய்வுப் பொருளின் பற்றுதல் குறைகிறது. மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் நீர்மம் கொதித்தால் குழாய்க்குள் ஆவி புகுந்து, மிதி தரையைத் தொட்டாலும் சக்கரம் அடங்குவதில்லை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பெரியவர்கள் சொல்வதும், “புடிச்சுக்கிட்டே வராத” என்று கண்டிப்பதும் இதனால்தான். இந்த இறக்கம் முழுவதிலும் அக்கருவி வண்டியை ஒருமுறைகூட நிறுத்தாமல் இருக்கலாம். வேகம் மிகாதபடி தடுத்துக்கொண்டே வந்திருக்கும். ஆகவே நிறுத்துதல் அதன் பணிகளுள் ஒன்று, தடுத்தலே அதன் இயல்பு.

உண்மையில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ‘வேகத்தடை’ என்பதே. ஆனால் அதைச் சாலையின் குறுக்கே போடும் மேட்டுக்குக் கொடுத்துவிட்டோம், திரும்ப வாங்க வழியில்லை. தடை என்று தனியே சொன்னால் அரசு ஆணையும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகின்றன. தடுப்பு என்றால் போலீசார் சாலையில் வைக்கும் இரும்புச் சட்டம். எஞ்சுவது தடுப்பான், கருவியைக் குறிக்கும் ஈறும் அதில் அமைந்திருக்கிறது, கைத்தடுப்பான், கால்தடுப்பான் என்று பிரிக்கவும் இடம் தருகிறது.

உறுப்புகளுக்கு வரும்போது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, சக்கரத்தோடு சுழலும் டிரம் என்னும் உருளையின் உட்புறத்தை உரசும் பிரேக் ஷூ நல்ல சான்று. அதைக் ‘காலணி’ என்று பெயர்த்தால் எவரும் சிரிப்பார்கள். ஆனால் வரலாற்றில் அது ஒருமுறை காலணியாகவே இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில், சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளின் தடுப்புக் கட்டைகளில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸுகளை அடித்து வைத்திருப்பதைக் கண்டுதான், ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897ஆம் ஆண்டில் தேயாமல் பற்றிக்கொள்ளும் உராய்வுப் பட்டைகளைச் செய்யத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அவருடைய பெயரின் எழுத்துகளோடு மனைவியின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து மாற்றி அடுக்கியதே ‘ஃபெரோடோ’ என்னும் வணிகப்பெயர். பட்டறைகளில் இன்று லைனிங் என்று சொல்லப்படுவது அந்தப் பட்டையின் வழித்தோன்றல்தான். நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் ரிம்மை உரசும் ரப்பர்த் துண்டுக்குப் ‘பிரேக் கட்டை’ என்ற பெயர் நெடுங்காலமாகவே உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை உரசிய மரக்கட்டை ரப்பராக மாறிய பின்னும் கட்டையாகவே நீடிக்கிறது. எனவே டிரம்மை உரசும் ஷூ, வட்டத்தகட்டை உரசும் பேடு இரண்டையும் ‘தடுப்புக் கட்டை’ என்றே சொல்லலாம். டிரம்முக்குள் இருந்து வெளிப்புறமாக விரிவதா, வட்டத்தகட்டை இருபுறமும் கவ்வுவதா என்பதை அடைமொழி காட்டிவிடும்.

வட்டத்தகட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக்கை நேற்றைய புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1902ஆம் ஆண்டிலேயே. லூயி ரெனோவின் பெயரோடு இணைக்கப்படும் டிரம் பிரேக்கின் காலமும் அதுவே. லாஞ்செஸ்டரின் செம்புக் கட்டைகள் தகட்டில் உரசிக் கிறீச்சிட்டதால் அந்த வடிவம் அப்போது வெல்லவில்லை. 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

நான்கு சக்கரங்களையும் ஒரே மிதியில் நீர்மத்தின் அழுத்தத்தால் சீராகத் தடுக்கும் வழியை மால்கம் லாக்ஹீட் கண்டார்; 1921ஆம் ஆண்டின் டியூசன்பெர்க் கார் அதனை நான்கு சக்கரங்களிலும் கொண்டு வந்தது. மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் அதன் அடிப்படை. நம் மெக்கானிக்குகள் இதை ‘ஆயில் பிரேக்’ என்பார்கள். இந்தச் சொல் சிறு ஆபத்தைச் சுமந்திருக்கிறது: உள்ளே இருப்பது எண்ணெயன்று, கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் வகை நீர்மம், ஆயில்தானே என்று எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமும் அதற்கு உண்டு. டாட் 3 எனத் தரம் குறிக்கப்பட்ட பிரேக் நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறிய பின் அதற்கான வரம்பு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. பழைய நீர்மத்தோடு மலை இறங்குபவர் இந்த 65 பாகையைத்தான் இழக்கிறார். ஆகவே இங்கே ‘தடுப்பு நீர்மம்’ என்னும் தமிழ்ச்சொல் தூய்மைக்காக மட்டும் அல்லாமல் பாதுகாப்புக்காகவும் வேண்டியதாகிறது. பேருந்திலும் லாரியிலும் உள்ள ஏர் பிரேக்கைக் ‘காற்றுத் தடுப்பான்’ என்றால் காற்றைத் தடுப்பது என்று பொருள்பட்டுவிடும். ‘காற்றழுத்தத் தடுப்பான்’ என்பதே சரி.

ஸ்டியரிங்குக்கு வருவோம். இந்தச் சொல் கடலில் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் அது கப்பலைச் செலுத்துவதைக் குறித்தது. கப்பலின் வலப்புறத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும், செலுத்தும் பலகை அந்தப் பக்கத்தில் இருந்ததால் அமைந்ததே. தமிழில் இதற்கு ஈடான சுக்கான் என்பதும் கடல்வழியே அரபு மொழியிலிருந்து வந்தது. மரக்கலத்தின் பின்புறம் இருந்து திசை காட்டும் பலகை அது. சேலத்துக்காரர்களுக்குச் சுக்கான் என்றதும் சுக்கான்கல்தான் நினைவுக்கு வரும் என்பது உண்மை. ஒலி ஒன்றானாலும் பொருள் வேறு, பேசும் இடமே வேறுபாட்டைக் காட்டிவிடும். அரபுச் சொல்லைத் தமிழ் என்று எப்படி ஏற்பது என்று கேட்போர்க்கு, நூற்றாண்டுகளாக நம் கடற்கரையில் புழங்கும் சொல்லை வெளியேற்றிவிட்டு நேற்றுக் கட்டிய சொல்லை உள்ளே அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதே என் விடை. நேற்றுக் கட்டிய அந்தச் சொல் ‘திசைமாற்றி’. அதன் குறை, நேரே போவதும் செலுத்துதலே என்பதை மறந்துவிடுவது. நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் கை பெரும்பாலும் செய்வது திசையை மாற்றுவதன்று, காப்பது.

வேறொரு பொருத்தமும் உண்டு. தொடக்கக் காலக் கார்களில் இன்றைய வட்டம் இல்லை. படகின் சுக்கான் பிடியைப் போன்ற ஒரு கைக்கோல்தான் இருந்தது. 1894ஆம் ஆண்டு பாரிஸ்–ரூவான் கார் ஓட்டப்போட்டியில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் தம் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார்; பிறகே அது பரவியது. ஆகவே காரில் இருப்பது சுக்கான் என்று சொல்வது உவமையாக மட்டுமன்றி வரலாறாகவும் சரியாகிறது. வட்டத்தைச் ‘சுக்கான் சக்கரம்’ என்றும், பவர் ஸ்டியரிங்கை ‘விசைச் சுக்கான்’ என்றும் சொல்லலாம். ஃபிரான்சிஸ் டேவிஸ் 1926ஆம் ஆண்டிலேயே விசைச் சுக்கானை இயக்கிக் காட்டினார்; விற்பனைக் காரில் அது வந்ததோ 1951ஆம் ஆண்டின் கிரைஸ்லர் இம்பீரியலில்தான்.

பெயரால் நேர்ந்த ஓர் அநியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், உள்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பினால்தான் டயர் தரையில் அரைபடாமல் உருளும். இந்த அமைப்பை 1817ஆம் ஆண்டில் கண்டவர் மியூனிக் நகரின் வண்டி செய்வோரான கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர். இங்கிலாந்தில் அவருக்காகக் காப்புரிமை பெற்ற முகவர் ருடால்ஃப் ஆக்கர்மான். இன்று உலகம் முழுவதும் அது ஆக்கர்மான் அமைப்பு. செய்தவர் பெயர் போய்ச் சீட்டு எழுதியவர் பெயர் நின்றுவிட்டது.

தடுப்பதும் திருப்புவதும் இரு வேறு கருவிகள் என்று இதுவரை எழுதிவந்தேன். ஆனால் தமிழரின் பழைய பொறி ஒன்றில் அவை ஒன்றாகவே இருந்தன. வைகாசியில் சேலம் கோட்டை அழகிரிநாதர் தேர் வீதி திரும்பும் இடத்தில் நின்று பார்த்தால் விளங்கும். சாய்வாகச் செதுக்கிய முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் முன் நேராகப் போட்டால் தேர் அடங்கும். ஒருபக்கமாகச் சாய்த்துப் போட்டால் சக்கரம் அதன்மேல் சறுக்கித் திசை மாறும். கட்டை போடுபவரின் ஒரே கை தடுப்பானாகவும் சுக்கானாகவும் இயங்குகிறது. வேலையைக் கெடுப்பதற்கு “முட்டுக்கட்டை போடுதல்” என்று பெயர் வைத்தவர் அந்தக் கட்டையின் பாதி வேலையை மட்டுமே கண்டிருக்கிறார்.

காரில் பிரிந்துபோன அவ்விரண்டையும் மறுபடி பிணைத்தது ஏபிஎஸ் எனப்படும் அமைப்பு. முழு விசையோடு பிரேக்கை மிதித்தால் முன்சக்கரங்கள் சுழலாமல் இறுகி வழுக்குகின்றன. சுழலாத சக்கரத்தை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி திரும்பாது. இறுகப்போகும் சக்கரத்தின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுப் பிடித்து, அதைச் சுழலவைத்துக்கொண்டே தடுப்பதால், ஓட்டுநருக்குச் சுக்கான் கைவிட்டுப் போவதில்லை. 1978ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனம் மின்னணு வடிவில் இதனை மெர்சிடிஸ் காரில் கொண்டுவந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். இதனைப் ‘பூட்டு எதிர்ப்பு’ என்று பெயர்ப்பவர்கள் ஆங்கிலத்தை மட்டுமே பார்த்தவர்கள். திருட்டைத் தடுக்கும் பூட்டு என்றே வாசகர் கொள்வார். வழுக்காமல் தடுப்பது அதன் பணி என்பதால், ‘வழுக்காத் தடுப்பான்’ என்று நான் எழுதுகிறேன்.