கிளவுஸ் போட்டிருந்தேனே மேடம்!

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம் 3 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார் அந்தத் தம்பி. துண்டான விரலைத் தைத்துச் சேர்க்கும் டாக்டர் நான். வயது 31, ஐடி வேலை. இடது கையைச் சுற்றி ஒரு தேங்காய்ப்பூத் துண்டு, அதற்கு மேல் ஒரு ஜவுளிக்கடைப் பை. பின்னாலேயே வந்த அப்பாவின் கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். திறந்தால் ஐஸ் கட்டிகள், நடுவே ஆள்காட்டி விரல். டிபன் பாக்ஸைப் பற்றி அப்புறம் பேசுவோம். நான் துண்டை அவிழ்ப்பதற்குள் அவர் சொன்னது இதுதான்: "கிளவுஸ் போட்டிருந்தேனே மேடம்."

இந்த வருஷம் இதைச் சொன்ன நான்காவது ஆள் அவர். நான்கு பேரில் ஒருவரும் தச்சர் இல்லை. லீவு நாளில் கையால் ஏதாவது செய்து பார்க்கலாமே என்று மரத்தைத் தொட்டவர்கள். ஒருவர் பறவைக் கூடு, ஒருவர் பூஜை அலமாரி, ஒருவர் மகளுக்கு ஸ்டூல். இவர் சுவர்க் கடிகாரம்.

கடிகாரம் சின்ன வேலைதான். பலகையை வட்டமாக அறுத்து, நடுவில் 8 மி.மீ. ஓட்டை போட்டு, பின்னால் குவார்ட்ஸ் மெஷினைப் பொருத்தி, முன்னால் முள்ளை மாட்டினால் முடிந்தது. சிக்கல் பலகையின் கனத்தில் வருகிறது. அவர் எடுத்தது பாட்டி வீட்டுப் பூவரசம் பலகை, முழுசாக ஒன்றரை அங்குலம். வாங்கிய மெஷினின் தண்டு முன்பக்கம் எட்டவே இல்லை. அப்படியென்றால் பின்பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி உட்காரும் அளவுக்கு, 56 மி.மீ. சதுரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, குழி எடுக்க வேண்டும். உளியும் கொட்டாப்புளியும் இருந்தால் ஒரு மணி நேரம் ஆகும். அவரிடம் இருந்தது ஆங்கிள் கிரைண்டர், கையில் பிடித்து இரும்பையும் கல்லையும் அறுக்கும், தேய்க்கும் மெஷின். கூடவே, "மரத்துக்கும் ஆகும் சார்" என்று கடைக்காரர் கொடுத்த 40 பல் ரம்ப பிளேடு.

மொட்டை மாடியில் உட்கார்ந்து, பலகையை ஒரு காலால் மிதித்து, கிளவுஸ் போட்ட இடது கையால் அழுத்திப் பிடித்து, வலது கையில் மட்டும் மெஷின். பக்கவாட்டுக் கைப்பிடி டப்பாவை விட்டே வெளியே வரவில்லை. பிளேடை மறைக்கும் மூடியான கார்டைக் கழற்றிவிட்டார், அது இருந்தால் பிளேடு குழிக்குள் இறங்கவில்லையாம். பிளேடுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கத்தானே அதை வைத்தார்கள், தம்பி!

நம்ம ஊரில் கிரைண்டர் என்றால் இட்லி மாவுதான் நினைவுக்கு வரும். இந்தக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். ஒரு விநாடிக்கு 183 சுற்று. 40 பல் என்றால் விநாடிக்கு 7,000 பற்களுக்கு மேல் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. 4 அங்குல பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுட்டதும் கையை எடுத்துவிடுவேன் என்று நினைப்பவர்களுக்கு: கண் பார்த்து, மூளை சொல்லி, கை நகர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் பிளேடு 36 சுற்று முடித்துவிடும்.

பல் மாட்டினால் மெஷின் எகிறும். அதை நான் விளக்க வேண்டியதில்லை. பல் வைத்த ரம்ப பிளேடை இதில் மாட்டாதே என்று கிரைண்டரோடு வரும் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை. டப்பாவோடு பரணுக்குப் போய்விடுகிறது.

சரி, கிளவுஸுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளவுஸ் என்பது கவசம் இல்லை. சூடு, சிலாம்பு, பெயின்ட், சொரசொரப்பு, இவற்றிலிருந்து காக்கும் துணி அல்லது தோல். சுழலும் பல்லுக்கு முன்னால் அது ஒரு கயிறு. வெறும் கை பிளேடில் பட்டால் பட்ட இடம் வெட்டுப்படும். மோசம்தான், ஆனால் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும். கிளவுஸ் போட்ட கை பட்டால் பல் முதலில் பிடிப்பது நூலை. நூல் அறுந்தால் தப்பித்தீர்கள். அறுக்கவே முடியாத உயர்ரகக் கிளவுஸ் என்று அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தால் நூல் அறுபடாது. மொத்தக் கையையும் பிளேடுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கிளவுஸ்களை மெதுவாக நகரும் கத்தியில் சோதித்துத் தரம் போடுகிறார்கள். சுழலும் ரம்பத்துக்கு அந்தத் தரம் பொருந்தாது. "ஆனால் லெவல் 5 மேடம்" என்றார் ஸ்டூல் செய்தவர். லெவல் 50 ஆக இருந்தாலும் அதேதான்.

இழுபட்ட கையில் என்ன நடக்கும் என்பதை வீட்டுக்காரர்களிடம் சொல்லும்போது நான் சாக்ஸைத்தான் உதாரணம் காட்டுவேன். சாக்ஸைச் சுருட்டிக் கழற்றுவது போல விரலின் தோல் கழன்று வந்துவிடும். மருத்துவத்தில் இதற்குப் பெயரே ‘டிகிளவிங்’. கிளவுஸைக் கழற்றுவது என்று அர்த்தம்! உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் வெட்டுப்பட்டிருக்காது, பிய்ந்து வந்திருக்கும். வெட்டுப்பட்ட குழாயின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாம். விரலடியில் அது 1 மி.மீ. அகலம்தான், மைக்ராஸ்கோப்பின் கீழே, தலைமுடியை விட மெல்லிய நூலால் தைக்கிறோம். பிய்ந்த குழாயில் நல்ல முனை எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி ராத்திரி போய்விடும்.

மோதிரமும் அப்படித்தான். ராசிக்கல், செப்பு வளையம், கையில் கட்டிய கயிறு, வாட்ச், முழுக்கைச் சட்டையின் தொங்கும் நுனி, எல்லாமே அந்த நூலின் சொந்தக்காரர்கள். கழற்றிவிட்டு உட்காருங்கள். கிளவுஸ் வேண்டுமா? மரத்தை ஏற்றி இறக்கும்போது போடுங்கள். பாலிஷ் அடிக்கும்போது போடுங்கள். சுவிட்சைத் தட்டும் முன் கழற்றிவிடுங்கள்.

கிரைண்டருக்கு அடுத்தபடியாக என்னைக் கோபப்படுத்துவது மார்பிள் கட்டர் மேஜை. ஒரு பிளைவுட்டில் ஓட்டை போட்டு, அடியில் மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருகி, சுவிட்சை டேப் ஒட்டி ஆன் நிலையிலேயே பூட்டி, ‘ஆயிரத்தி ஐநூறு ரூபாயில் டேபிள் சா’, அதாவது மேஜை ரம்பம், என்று வீடியோ போடுகிறார்கள். கார்டு கிடையாது. அறுபட்ட மரம் மூடிக்கொண்டு பிளேடை நெருக்காமல் இருக்கப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும், அதுவும் கிடையாது. ஆபத்து வந்தால் அணைக்க எழுந்து போய் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பூஜை அலமாரிக்காரருக்கு எழுந்திருக்க நேரம் கிடைக்கவில்லை.

மரவேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் அனுபவத்தில் காலம் முழுக்கத் தொழில் செய்த தச்சர்கள் வருவது பெரும்பாலும் உளிக் காயத்தோடு. இடது உள்ளங்கையில், கத்தி போட்டது போல நேரான வெட்டு. தசைநாண் போயிருந்தாலும் தைத்து எடுத்துவிடலாம். அப்படி வந்த ஒரு பெரியவர், "ரெண்டு கையும் உளிக்குப் பின்னால இருக்கணும்மா, அன்னிக்கு ஒண்ணு முன்னால போயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தச்சராகத் தொடங்கிக் கடிகாரம் செய்ய வந்தவர். 1713-ல் அவர் முடித்த கடிகாரத்தின் பல்சக்கரங்கள் ஓக் மரத்தால் ஆனவை. கிரைண்டர் இல்லாத காலம். உங்கள் கடிகாரத்துக்கு ஒரு குழிதானே வேண்டும்?

அந்தக் குழிக்கு வழி சொல்கிறேன். பலகையை சி-கிளாம்ப் போட்டு மேஜையோடு இறுக்குங்கள். மரத்தைப் பிடிப்பது கிளாம்பின் வேலை, கையின் வேலை இல்லை. டிரில்லில் ஆழம் குறித்து டேப் சுற்றி, அந்தச் சதுரம் முழுக்க ஓட்டை ஓட்டையாகப் போடுங்கள். மிச்சத்தை உளியால் தட்டி எடுங்கள். அதற்கும் பொறுமை இல்லையா, கனத்த பலகைக்குப் பதில் மெல்லிய பலகையை முகப்பாக எடுத்து, பின்னால் விளிம்பில் நான்கு ரீப்பர் சட்டங்களை ஒட்டி உயர்த்தி, அதில் மெஷினை மாட்டுங்கள். அதுவும் வேண்டாமா, நீளத் தண்டு வைத்த குவார்ட்ஸ் மெஷின் கேட்டால் கிடைக்கும். முள்ளின் துளைக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இதை அந்தத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை.

மற்றவை வேகமாக. பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்; பவர் கண்ணாடி கணக்கில் வராது. வீட்டில் யாரும் இல்லாதபோது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். விருந்து சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள். ‘இந்த ஒரு வெட்டோடு முடிச்சிடலாம்’ என்று தோன்றினால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கடைசி வெட்டில் வந்தவர்கள். மரத்தூளைப் பற்றிக் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் எழுதட்டும். ஆனாலும் ஒன்று: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்துவிட்டது. மாஸ்க் கொரோனாவோடு முடிந்துபோன விஷயம் இல்லை.

இப்போது அந்த டிபன் பாக்ஸ். விரலை ஐஸில் நேராகப் போடக் கூடாது. தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து, தைக்க வேண்டிய குழாய்கள் கெட்டுவிடும். தண்ணீரில் மிதக்க விட்டால் ஊறிப் போகும். சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, ஒரு பாலித்தீன் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். விரலில் தசை கிடையாது, அதனால் இப்படிக் குளிர்வித்துக் கொண்டுவந்தால் 12 மணி நேரம் கழித்தும் முயற்சி செய்யலாம். மணிக்கட்டோடு போயிருந்தால் 6 மணி நேரம் ஆனாலே தாமதம்தான்.

காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதற்கே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்காதீர்கள். மயக்கம் வருகிறதே என்று ஜூஸ் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுப்பது தள்ளிப்போகும். 108-க்குச் சொல்லிவிட்டு, போகிற இடத்தில் மைக்ரோ சர்ஜரி உண்டா என்று போனில் கேட்டுவிடுங்கள். மூன்று ஆஸ்பத்திரி சுற்றி வந்த விரலை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தம்பியின் விரலைச் சேர்க்க முடியவில்லை. பாதி பிய்ந்ததால், பாதி ஐஸால். நடுவிரலில் எலும்பு மட்டும் இருந்தது. அதை மூட, கையை அடிவயிற்றுத் தோலோடு தைத்து 3 வாரம் அப்படியே வைத்திருந்தோம். அப்புறம் பிரித்தெடுத்தோம். நரம்பு வளர்ந்தால் ஒரு நாளைக்கு 1 மி.மீ. வளரும், கணக்கை அவரே போட்டுக்கொண்டார். இப்போது பிசியோதெரபியில் துணி கிளிப்பை அழுத்தி அழுத்தி எடுக்கிறார்.

போன வாரம் ரிவியூவுக்கு வந்தார். கிளம்பும்போது, கிரைண்டரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ ஷெல்ஃப் செய்யணும்னு கேட்டான் மேடம். கொடுத்துட்டேன்."

"பிளேடோடயா?"

"கிளவுஸும் கொடுத்துட்டேன் மேடம்."